ஐந்தாவது கோடு

சாகும் நட்சத்திரத்தின் அகச்சிவப்பு ஒளியில், பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு நான்கு கோடுகளாகத்தான் தெரியும். வானியல் ஆய்வாளர் ரெஜிஷாவின் கணினியில் ஐந்து தெரிந்தன. எதனோடும் ஒத்துப்போகாத ஐந்தாவது கோடு, கடைசியில், அம்மாவின் குளச்சல் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்து சோதித்த அரிக்கேன் விளக்குக் கரியின் கோட்டோடு அச்சாகப் பொருந்தியது.

ஒக்கிப் புயலில், மீன்பிடிக்கப் போன அப்பா கரை திரும்பாத நாளிலிருந்து அம்மா அணையவிடாத விளக்கு அது. உடல் கிடைக்காததால் மரித்தோர் பூசைக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

ஞாயிறு காலை அம்மா போனில் கூப்பிட்டாள்.

“வெளக்க அணச்சிட்டேன் மக்கா.”

“பூசைக்குச் சம்மதிச்சியா அம்மா?”

“பூச எதுக்கு? அப்பா இப்பதான் வந்து கஞ்சி குடிக்காவ.”

ரெஜிஷா ஐந்து கோடுகள் தெரிந்த அந்தப் பழைய பதிவைத் திறந்தாள். இப்போது அதில் நான்கு கோடுகள்தான் இருந்தன. போனில், யாரோ நிதானமாகக் கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.