வாசல் சோதனை

சாயங்கால வெயில் புது மாலின் கண்ணாடியில் பட்டு வாசலெல்லாம் தெறிக்கிறது. தன் தீப்பெட்டி ஆபீஸ் இருந்த இடத்துக்கு, அதை விற்றபின் முதல்முறையாகச் செல்லத்துரை வந்திருக்கிறார். வாசலில் செக்யூரிட்டியின் நீலச் சட்டையில் பாண்டிச்செல்வி. "பையத் திறங்க அண்ணாச்சி," என்கிறாள் நிமிராமல். உள்ளே, அவருடைய லேபிள் ஒட்டிய பழைய தீப்பெட்டி ஒன்று. காதோரம் குலுக்குகிறாள், ஒரு குச்சிகூடக் குறையவில்லை என்று சத்தத்திலேயே அவளுக்குத் தெரிகிறது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள். இதே வாசலில்தான் தினமும் தீப்பெட்டி வேலை முடிந்து போகும் பெண்களின் தூக்குச்சட்டிகளைத் திறந்து காட்டச் சொல்வார் அவர். வீட்டு அடுப்புக்கென்று அவள் எடுத்துவைத்த ஒரே ஒரு பெட்டிக்காக அவளை வேலையைவிட்டு நிறுத்தியவரும் அவர்தான். "தீப்பெட்டிய உள்ள விடமாட்டாவ மொதலாளி," என்று அதைத் தட்டில் பத்திரமாக வைக்கிறாள். "போகையில மறக்காம வாங்கிக்கிடுங்க." பின்னால் வரிசை நீள்கிறது. திறந்த பையை மூடாமல் அவர் அங்கேயே நிற்கிறார்.