டிக்கெட்டில் மாறிய ஊர்

ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க, கொடுத்த காசுக்குப் போகிற தூரமும் குறைந்தது. பெரியாஸ்பத்திரிக்கு எடுத்த டிக்கெட்டில் ஊர்ப்பெயர் மாறி மாறி, இப்போது அடுத்த நிறுத்தமான கூட்டுரோட்டுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏகாம்பரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் பிரசவ வலியில் அவன் பெண்சாதி செல்லக்கிளி.

"ஒருத்தர் எறங்கிட்டா, அந்தக் காசு இன்னொருத்தருக்குச் சேரும்ணே," என்றார் கண்டக்டர்.

"பெத்துக்கப் போறவ நீதானே, நான் எதுக்கு வெட்டியா? போ கிளி," என்று கூட்டுரோட்டில் இறங்கிக்கொண்டான்.

அவள் டிக்கெட்டில் மறுபடியும் பெரியாஸ்பத்திரி வந்தது. பஸ் கிளம்பிக் கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை, ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள். பஸ் நின்றது; ரூபாய் இறங்குவது நிற்கவில்லை.

ஏகாம்பரம் ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "இப்ப எந்த ஊரு போட்டிருக்கு?"

செல்லக்கிளி டிக்கெட்டைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள்.