ஐம்பது நிமிஷத் தூரம்

விமான நிலையத்தை ஒட்டி நின்ற வாகை மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், புதிதாகத் தாயான வௌவால் நடுங்கிப்போனது. சொந்தங்கள் எல்லாம் தூரத்து நகரத்தின் அத்திமரத்துக்கு ஏற்கெனவே பறந்துவிட்டன.

ஓடுதளத்தில் நின்ற விமானத்திடம் கேட்டது. "அண்ணே, அந்த ஊர் எவ்வளவு தூரம்?"

"ஐம்பது நிமிஷம்."

"கைப்பிள்ளையோடவா?"

"என் வயித்துக்குள்ள நூறு பேர் இருப்பாங்க. யார் அழுதாலும் நான் திரும்பிப் பார்க்கிறதில்லம்மா," என்றது விமானம்.

குட்டியை மார்போடு ஒட்டிக்கொண்டு வௌவால் கிளம்பியது. குட்டி தன் பால்பற்களால் அம்மாவைக் கவ்விப் பிடித்திருந்தது. அது வலித்தது. ஆனால் வலி கொஞ்சம் குறைந்தாலே வௌவாலுக்கு உயிர் போய்விடும். பிடி தளர்ந்துவிட்டதோ என்று பயந்து, கண்ணில் பட்ட மரத்தில் இறங்கிவிடும்.

"கடிச்சுக்கோடா கண்ணு, நல்லா கடிச்சுக்கோ," என்று கெஞ்சிவிட்டு மறுபடி பறக்கும். தலைக்கு மேலே அதே விமானம் போவதும் வருவதுமாக இருந்தது.

சில இரவுகள் கழித்து, விடிகிற நேரத்தில் வௌவால் அத்திமரத்தை அடைந்தது. எதிரே அந்த ஊர் ஓடுதளத்தில் நின்ற விமானம் சிரித்தது.

"ஏம்மா, ஐம்பது நிமிஷத் தூரத்துக்கு இத்தனை ராத்திரியா? வழியில தூங்கிட்டியா?"

கண்ணையே மூடவில்லை என்று சொல்லக்கூட வௌவாலுக்குத் தெம்பில்லை. வெட்கத்தோடு தலைகீழாகத் தொங்கி, குட்டியை இறக்கையால் போர்த்தியது.

அந்த அசைவில் குட்டி விழித்துக்கொண்டது. கொட்டாவி விட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டது.

"அம்மா, நாம எப்ப கிளம்பறோம்?"