பால் திரிந்த வேளை

"அந்த உருண்டைகளை முதல்ல குதிருக்குள்ள போட்டு மூடு. மாப்பிள்ளை வீட்டார் ஸ்டேஷன்ல இறங்கியாச்சாம்" என்றார் அற்புதசாமி.

"நெல்லோட போட்டா நெல்லும் நாறுமே" என்றாள் மனைவி ஞானப்பூ.

"நெல்லு நாறினா கோழி திங்கும். பொண்ணு நின்னு போனா யார் கட்டுவா?"

அற்புதசாமி இளவயதில் வெள்ளைக்காரச் சாமியாரின் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். சாமியார் சீமைக்குத் திரும்பும்போது அவருக்கு விட்டுப்போனவை இரண்டு: ஒரு ஜெபமாலை, பாலைத் திரியவைத்துச் சீஸ் உருண்டை கட்டும் வித்தை. ஜெபமாலை பெட்டியில் தூங்கியது; வித்தைதான் வையம்பட்டியில் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது. இப்போது கட்டுவது மகள் சவுரியம்மாள். அப்பனை மிஞ்சிய கை. திருச்சி மார்க்கெட் மீரான் ஆளனுப்பி வாங்கிப்போவார். பொன்மலையில் துரைமார் தின்பார்கள்.

தின்கிறவர்களுக்கு அமிர்தம். ஊருக்கு நாற்றம். போன வருஷம் பெண் பார்க்க வந்தவர்கள் வெற்றிலைகூடப் போடாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அதனால்தான் இந்தத் தடவை தரகர் பிச்சையிடம், "பால் வியாபாரம்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார் அற்புதசாமி. இதுவும் தவறினால் பிச்சை இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

"அடுப்புல இருக்கிற பாலை என்ன பண்றது? திரியறதுக்கு மருந்து விட்டாச்சே" என்று உள்ளிருந்து கேட்டாள் சவுரியம்மாள். "நேத்துப் பாலும் திரியாம வீணாப் போச்சு. இன்னைக்கும் போனா மீரான் பாய்க்கு யார் பதில் சொல்றது?"

"திரிஞ்சா திரியட்டும். நீ மட்டும் வாயைத் திறக்காதே."

ஞானப்பூ வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். இரண்டு வாசனையும் கூடி, கோயிலில் சவம் வைத்ததுபோல ஆயிற்று.

வந்தவர்கள் மூன்று பேர். தரகர் பிச்சை, மாப்பிள்ளை இன்னாசி, மாப்பிள்ளையின் அப்பா சந்தியாகு.

"பையன் பொன்மலை ஒர்க் ஷாப்புல பிட்டர்" என்று ஆரம்பித்தார் பிச்சை. "அப்பா பெரிய துரைக்கு வலக்கை. இவர் இல்லாம துரை வாயையே திறக்க மாட்டார்னா பார்த்துக்குங்க." பிறகு அற்புதசாமியின் காதோடு, "கொஞ்சம் கறார் ஆளு. இந்தச் சுத்துவட்டாரத்துல அஞ்சு வீட்டுப் பொண்ணை வேண்டாம்னுட்டார். பதமாப் பேசுங்க" என்றார்.

சந்தியாகு பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாடு எத்தனை நிக்குது?"

"எங்க தேவைக்குப் போக மிஞ்சற அளவுக்கு நிக்குதுங்க."

"மிஞ்சற பாலை என்ன பண்றீங்க?"

"காபிக் கடைக்கு ஊத்திடுறோம்."

"அத்தனையுமா?"

"ஒரு சொட்டு வீட்டுல தங்காதுங்க."

சந்தியாகுவின் முகம் விழுந்துபோயிற்று. தட்டிலிருந்து எடுத்த முறுக்கைக் கடிக்காமல் திரும்ப வைத்தார். அற்புதசாமி முறுக்குத் தட்டை இன்னும் அருகே நகர்த்தினார். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம்?

திடீரென்று சந்தியாகுவின் மூக்கு நிமிர்ந்தது. இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது.

"இது என்ன வாசனை?"

"எலி செத்துக் கிடக்குதுங்க. தேடிக்கிட்டிருக்கோம்."

"எலியா? இவ்வளவு தூரத்துக்கா?"

"பெருச்சாளிங்க" என்று விலையை ஏற்றினார் அற்புதசாமி.

"பெருச்சாளி இப்படி அடிக்காதே."

"ரெண்டுங்க. ஜோடி."

இன்னாசி சிரிப்பை அடக்க மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து, சொன்னதெல்லாம் மறந்து, சந்தோஷம் தாங்காத ஒரு குரல் வந்தது.

"அப்பா, பால் திரிஞ்சிடுச்சு! ஜோராத் திரிஞ்சிடுச்சு!"

பெண் பார்க்கிற வேளையில் பால் திரிவதே அபசகுனம். அதைக் கல்யாணப்பெண்ணே கும்மாளமாகக் கூவுவது எந்த ஊர் வழக்கம்? பிச்சை குடையைத் தேடி எடுத்தார். "எழுந்திரிங்க சந்தியாகு, ஏழாவது இடம் பார்ப்போம்."

சந்தியாகு எழுந்தார். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. மூக்கு முன்னால் போக, அவர் பின்னால் போனார். நேராகக் குதிரின் மூடியைத் திறந்து, நெல்லுக்குள் கைவிட்டு, ஓர் உருண்டையை வெளியே எடுத்தார். உமியைத் தட்டி, விண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மோர்த்தண்ணி சொட்டும் கையோடு சவுரியம்மாள் வந்து நின்றாள். "ஏங்க, அது இன்னும் பதம் வரலை. வரட்டும்னு வச்சிருக்கோம்ல?" என்று அதட்டினாள். பிறகு இன்னாசியைப் பார்த்து, "பெருச்சாளி செத்த வீட்டுல பொண்ணு எடுக்க இஷ்டம்தானா, சொல்லிடுங்க" என்றாள்.

"ஜோடியாச் செத்திருக்கு. நல்ல சகுனம்தான்" என்றான் இன்னாசி, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அற்புதசாமி கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க. நாத்தத்துக்குப் பயந்து மறைச்சிட்டேன்."

"நாத்தமா? அஞ்சு வீட்டுலயும் பொண்ணுங்க தங்கம் சம்பந்தி, இந்த வாசனைதான் இல்லை" என்று கண்ணைத் திறந்தார் சந்தியாகு. "இதை எனக்கு விக்கிற மீரான் பாய்கிட்ட, யார் கட்டுறாங்கன்னு எத்தனை தடவை கேட்டும் 'வையம்பட்டிப் பக்கம்'ங்கிறதுக்கு மேல வாயைத் திறக்கலை. தவக்காலம் பொறந்தா கோயில்ல கல்யாணம் பண்ண விடமாட்டாங்க, அதுக்குள்ள முடிச்சிடணும். நான் துரை வீட்டு பட்லர், இந்த சீஸை என் கையாலயே கட்டுறேன்னு சொல்லித்தான் இத்தனை வருஷமா துரைசானிகிட்ட நல்ல பேர் வாங்கினேன், இப்ப அந்தம்மா என் வீட்டுக்கே வந்து கட்டுறதைப் பார்க்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க."