மேகம் விலகும்வரை

"நிறுத்துங்க. மேகம் வந்துடுச்சு," என்றான் ஸுபைர், கேமராவிலிருந்து கண்ணை எடுத்து.

சுவரோரம் நின்ற உமெத், மூடிய கண்களைத் திறந்தான். அவன் மார்புக்கு நேராக நீண்டிருந்த மூன்று துப்பாக்கிகளும் தாழ்ந்தன. மூன்றிலும் தோட்டா இருந்தது.

"நாலாவது தடவைடா. கல்யாண வீடியோவா எடுக்கிறே?" என்றான் கமாண்டர் குர்போன்.

"உங்க தம்பியைக் கொன்னவன் முகம் தெளிவா விழணும்னு நீங்கதானே சொன்னீங்க, அண்ணே? உங்கம்மா போட்டுப் பார்க்க வேண்டாமா?"

அம்மா என்றதும் குர்போன் அடங்கினான். மல்பெரி மரத்தடியில் உட்கார்ந்து கிண்ணத்தில் பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டான்.

இரண்டு வருஷமாக வக்ஷ் பள்ளத்தாக்கு முழுக்க இந்தப் படையோடு அலைந்தவன் ஸுபைர். குண்டு மழையில் படமெடுத்திருக்கிறான். மேகத்துக்காக ஒருநாளும் நின்றதில்லை. ஆனால் காலையில் வயர்லெஸ்காரன் காதைக் கடித்திருந்தான். கைதிகளை மாற்றிக்கொள்ள எதிரிகளின் லாரி மதியத்துக்குள் வருகிறதாம். அது வந்துவிட்டால் குர்போனால் உமெத்தைத் தொட முடியாது.

ஐந்தாவது தடவை பேட்டரி மாற்றினான். ஆறாவது தடவை, "முகத்துல ரத்தம் இருக்கு, துடைக்கணும்," என்றான்.

ஒவ்வொரு தடவையும் உமெத் கலிமா சொல்லிக் கண்ணை மூடினான். இந்தத் தடவை கால்சட்டை நனைந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் சிரித்தார்கள்.

ஈரத் துணியோடு ஸுபைரே போனான். கூடவே காவலாளியும் வந்ததால் விஷயத்தைச் சொல்ல முடியவில்லை.

"உன் பேர் என்ன?" என்று கேட்டான் உமெத்.

"ஸுபைர்."

உமெத் அவன் முகத்தையே பார்த்தான். புரிந்துகொண்டுவிட்டான் என்று ஸுபைருக்கு நெஞ்சு நிறைந்தது.

"இனி மேகம் கீகம்னு சொன்னே, உன்னையும் அவன் பக்கத்துல நிறுத்திடுவேன்," என்று எழுந்தான் குர்போன்.

ஸுபைர் வேறு வழியின்றிக் கேமராவைத் தோளில் ஏற்றினான். துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

பாலத்துப் பக்கம் ஹாரன் கேட்டது. வெள்ளைத் துணி கட்டிய லாரி புழுதியோடு வந்து நின்றது. குர்போன் காறித் துப்பிவிட்டு நகர்ந்தான்.

கட்டவிழ்த்துவிடப்பட்ட உமெத்தை அவனுடைய தலைவன் இறங்கிவந்து கட்டிக்கொண்டான். ஸுபைர் கண் கலங்கக் கையை உயர்த்தினான்.

"உன்னை இந்தப் பாடு படுத்தினது யாருடா? குர்போன்தானே? சொல்லு, அவனைத் தூக்கிடலாம்," என்றான் தலைவன்.

உமெத் திரும்பி, ஸுபைரை நோக்கி விரலை நீட்டினான்.

"குர்போன் கிடக்கட்டும். அந்தக் கேமராக்காரன் எனக்கு வேணும். உயிரோட."