சிப்பின் மேல் இருந்த பெயர்

மறுபடியும் கோப்பு திரும்பி வந்துவிட்டது.

சுகுணா திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும்.

பாப்பாரப்பட்டியில் பகல் நேரத்தில் மாடியறை கொதிக்கும். மேசையில் கையகலக் கருவி ஒன்று, முதுகு கழற்றப்பட்டு, சார்ஜர் ஒயரோடு கிடந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்று செய்வது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் என்னென்ன இருக்கிறது என்று அதன் இயங்குதளத்துக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. எழுதிக் கொடுக்காவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. யூ.எஸ்.பி. வழியாக மின்சாரம் வருகிறது, அதை வாங்குவது இந்த சிப் என்று சொன்னால்தான், அந்த சிப்பை இயக்கும் டிரைவர் நிரல் வேலையைத் தொடங்கும்.

கருவி சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி இறங்கியது. பாதி வேலையில் அணைந்துபோனது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் இதைக் கைவிடப் போவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் மின்சாரம் வாங்கு என்று விதவிதமாக எழுதிப் பார்த்துவிட்டாள். கோப்பைச் சரிபார்க்கும் இளம்பரிதி ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னார். டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று எழுதாதீர்கள், போர்டில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள்.

அவள் கணவன் கோவிந்தன் படியேறி வந்தான். தக்காளி மண்டியில் ஏலம் கூவியவன். காலையில் வைத்த தட்டில் களி காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

முன்பெல்லாம் இதற்கே ஒரு சண்டை நடக்கும். தெருமுனை வரை கேட்கும். போன ஆடிக்குப் பிறகு இந்த வீட்டில் சண்டையே இல்லை. அவள் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவான். போகப் போக அவளும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

கம்பெனி அனுப்பிய சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்துத்தான் இதுவரை எழுதியிருந்தாள். போர்டையே உற்றுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் கேமராவைப் பெரிதாக்கி சிப்பின் மேல் பிடித்தாள். அதில் பொறித்திருந்த பெயரின் கடைசி எண் வேறாக இருந்தது. படத்தில் இருந்தது பழைய சிப். போர்டில் இருந்தது அதற்குப் பின்னால் வந்தது. பழைய பெயரை நம்பிய டிரைவர், பழையதற்கு ஏற்றபடி குறைவாகவே மின்சாரம் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த எண்ணை மாற்றிக் கருவியில் ஏற்றினாள். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்துவிட்டுப் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கவில்லை. மெல்ல ஏறத் தொடங்கியது.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். இடுப்பு வலிதான் வந்தது.

முதுகை மூடி, கருவியைக் கீழே எடுத்துப் போனாள். கூடத்துப் பிளக்கில் ஒயரைச் செருகிவிட்டு, கோவிந்தனின் மடியில் வைத்தாள்.

அவன் கழுத்துத் துண்டைச் சரிசெய்தான். துண்டுக்கு அடியில், குரல்வளையை எடுத்த இடத்தில், மூச்சு சீறியது.

இத்தனை மாதமும் காகிதத்தில் எழுதிக் காட்டியதெல்லாம் பால், மாத்திரை, கரண்ட் பில். அதற்கு மேல் எழுத மாட்டான்.

ஒற்றை விரலால் திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டினான். நடுவில் அணைந்துவிடுமோ என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். அணையவில்லை.

கருவி பேசியது. செய்தி வாசிப்பவருடைய குரல் போல இருந்தது. ஊர்ப் பேச்சு பழக்கமில்லாமல் அங்கங்கே திக்கியது.

"அன்னிக்கி ஆப்பரேசனுக்குத் தள்ளிக்கினு போனப்ப உங்கிட்ட சொல்லல. ரொம்ப பயமா இருந்திச்சி, சுகுணா."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவன் அடுத்ததைத் தட்டத் தொடங்கினான்.