மெட்டுப் போட்டவர்

நிகழ்ச்சி நிரலில் தன் பாட்டுக்கு நேரே ஒரு வரி மையால் அடிக்கப்பட்டிருப்பதை மேடைப் படியில் வைத்துத்தான் அச்சிமுகம்மது கண்டார்.

பாடல்: மருதமுனை அச்சிமுகம்மது. அது இருந்தது.

மெட்டு: சொறிக்கல்முனை பாக்கியராசா. அதுதான் அடிபட்டிருந்தது.

1985ஆம் ஆண்டு, கிழக்கிலங்கையின் மருதமுனையில் நபிகள் பிறந்தநாளான மீலாத் விழா. மாலை அசர் தொழுகை முடிந்து பள்ளிக்கூட மைதானம் நிறைந்துபோயிருந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் வலப்புறம், சீலை மறைப்புக்குப் பின்னால்.

விழாச் செயலாளர் அப்துல் ஹமீட் ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தான்.

“காக்கா, அந்தப் பேர மட்டும் சொல்லாதீங்க. சித்திரையில நமக்கும் தமிழாக்களுக்கும் நடந்த கலவரத்துக்குப் பொறகு அவங்கட பேரக் கேட்டாலே சனத்துக்குச் சூடு ஏறுது. ஒங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?”

அதைச் சொல்லும்போது அவன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

வேண்டுமானால் ஏதாவது சினிமாப் பாட்டு மெட்டில் மாற்றிப் பாடிவிடலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னான்.

சினிமா மெட்டு!

முப்பது வருடமாகத் தறியில் இருந்தபடியே நபிபுகழ் கட்டுகிறவர் அவர். இரவல் மெட்டில் ஒரு பாட்டும் பாடியதில்லை.

பாக்கியராசா தன் ஊர்க் கோயிலில் மாதா பாட்டுகளுக்கு இசை அமைக்கிறவர். போன மாரியில், வெள்ளம் மூடிய கிட்டங்கித் தாம்போதித் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு மூன்று நாள் வந்துபோனார். ‘ஸல்லல்லாஹு’ என்ற சொல்லை எங்கே நிறுத்தினால் பொருள் கெடும் என்று கேட்டு அறிந்துகொண்ட பிறகுதான் பாட்டில் கைவைத்தார்.

மூன்றாவது அடியில் மூச்சு முட்டுகிறது, ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள் என்றார்.

அச்சிமுகம்மதுக்குக் கோபம் வந்தது. மறுநாள் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது பாட்டானது.

“மெட்டு அவர்ட, தம்பி,” என்றார். “களவெடுத்த மெட்டுல றசூலுல்லாவப் புகழ எனக்கு ஏலா.”

கையை விடுவித்துக்கொண்டு மேடை ஏறினார்.

பாட்டை எழுதியவன் நான், மெட்டுப் போட்டவர் சொறிக்கல்முனை பாக்கியராசா என்று ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.



பின்வரிசையில் யாரோ இறங்கச் சொல்லிக் கத்தினான். கதிரைகள் சரிந்தன. ஒலிபெருக்கியின் வயரை எவனோ பிடுங்கிவிட்டான்.

அவர் இறங்கவில்லை. அதே பெயரை வெறும் தொண்டையால் இன்னொரு முறை சொன்னார். முதல் முறையை விடச் சத்தமாக.

பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்கினார்.

*தறி ஓயும், கை ஓயும்,*
*தாஹா நபியே, உங்கள் பேர் ஓயாது…*

கூச்சல் குறையவில்லை. மூன்றாவது அடியில் மெட்டு மேலே ஏற வேண்டும். ஐம்பத்தெட்டு வயதுத் தொண்டை பாதியில் உடைந்தது. இருமினார். திரும்பவும் முயன்றார். மறுபடியும் உடைந்தது. முன்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

அப்போது சீலை மறைப்புக்குப் பின்னால் ஒரு பெண்குரல் அந்த அடியை எடுத்தது. நடுங்காமல், பாக்கியராசா ஏற்றி வைத்த அதே உயரத்துக்கு.

அத்தனை ஆண்கள் கூடிய சபையில் பெண்குரல்! நாலைந்து பேர் தடுக்க எழுந்தார்கள். யாருடைய குரல் என்று தெரிந்ததும் எழுந்த இடத்திலேயே நின்றார்கள். கூச்சல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. ஹமீட் தலையைக் குனிந்துகொண்டான்.

அது அவருடைய மனைவி நாச்சியா. மெட்டுக் கட்டிய மூன்று நாளும் உள்ளறையில் நூல் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தவள்.

ஏழு மாதமாக அவளுடைய குரலை ஊரில் எவரும் கேட்டதில்லை. கலவரத்தில் வெட்டுப்பட்டுச் சடலமாக வந்த ஒரே மகனின் மையித்துக்கு முன்னால்கூட அவள் வாய்விட்டு அழவில்லை.